கைகட்டி நடந்த சிறுவன்

குழந்தைகளே! உங்களில் எத்தனை பேருக்கு இருட்டு என்றால் பயம்? எத்தனை பேருக்குக் கணக்கு வாத்தியார் என்றால் பயம்? வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எத்தனை பேருக்குக் கால் நடுங்கும்?

வெட்கப்படாமல் கை தூக்குங்கள்! ஏனென்றால் இன்று நாம் தெரிந்துகொள்ளப் போகிறவர், உங்களையெல்லாம் விட அதிகமாகப் பயந்தவர்!

காக்கை கத்தினால் அவருக்குக் கலக்கம். பருந்தின் குரல் கேட்டால் நடுக்கம். இரவில் ஆந்தை அலறினால் கேட்கவே வேண்டாம். இரண்டு பேர் உரக்கப் பேசினாலே நெஞ்சு படபடக்கும். வீட்டுக் கதவை யாராவது ஓங்கித் தட்டினால் உள்ளே அவர் உடல் உதறும். தெருவில் கையை வீசி நடக்கக்கூடக் கூச்சம். கைகளைக் கட்டிக்கொண்டுதான் நடப்பார்.

இதையெல்லாம் நாமாகக் கட்டிச் சொல்லவில்லை. பெரியவரான பிறகு, தம்முடைய பாடல்களிலே அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவர், பின்னாளில் பெரிய பெரிய பண்டிதர்களின் எதிர்ப்பைத் தாங்கி நின்றார். கோர்ட் வாசல் வரைக்கும் போனார். சாதி என்ற பெரிய மதிலைத் தட்டிப் பார்த்தார். எப்படி வந்தது அந்தத் துணிச்சல்?

வாருங்கள், அவரோடு கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம்.

ஏழுகிணறு முதல் திருவொற்றியூர் வரை

சென்னை மெட்ரோ ரயிலில் போனால் 'திருவொற்றியூர் தேரடி' என்று ஒரு நிலையம் வரும். 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் அது. அங்கே இறங்கி நடந்தால் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போய்விடலாம். வடிவுடை அம்மன் சன்னதியும் அங்கேதான் இருக்கிறது.

இன்று ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் வந்துவிடுகிறோம். ஆனால் சுமார் 190 ஆண்டுகளுக்கு முன்பு, சென்னை ஏழுகிணறு பகுதியில் இருந்து ஒரு சிறுவன் தினமும் நடந்தே இந்தக் கோயிலுக்கு வருவான். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர்!

அப்போது சென்னை எப்படி இருந்தது தெரியுமா? மின்சார விளக்கு கிடையாது. பஸ் கிடையாது. ரயில் கிடையாது. ராயபுரம் ரயில் நிலையமே 1856ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. நாம் இன்று பார்க்கும் துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் கரையில் இருந்து தள்ளி, கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களையும் சரக்கையும் படகுகளில் ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வருவார்கள்.

அந்தக் காலத்து வடசென்னையில்தான் அந்தச் சிறுவன் கைகளைக் கட்டிக்கொண்டு, உடம்பை வெள்ளைத் துணியால் போர்த்திக்கொண்டு, தலை குனிந்து நடந்து போவான்.

யார் அவன்? அவன் பெயர் இராமலிங்கம். பிற்காலத்தில் 'வள்ளலார்' என்று உலகம் போற்றிய இராமலிங்க அடிகளார்தான் அவர்!

பின்வாசலில் சாப்பிட்ட தம்பி

1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி, சிதம்பரத்துக்கு அருகில் உள்ள மருதூர் என்ற கிராமத்தில் இராமலிங்கம் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை. அம்மா சின்னம்மை. ஐந்து குழந்தைகளில் இவர்தான் கடைக்குட்டி.

பிறந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார், பாவம்! பொன்னேரிப் பக்கம் இருந்த தம் பிறந்த ஊருக்குப் போனார். பிறகு சென்னைக்கு வந்தார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் குடும்பம் குடியேறியது.

மூத்த அண்ணன் சபாபதி நன்றாகப் படித்தவர். கோயில்களிலும் பெரிய மனிதர் வீடுகளிலும் புராணப் பிரசங்கம் செய்வார். அதில் வரும் வருமானத்தில்தான் குடும்பமே நடந்தது. தம்பியும் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை.

தம்பியோ பாடம் படிக்க உட்கார மாட்டான். வீட்டை விட்டுக் கிளம்பி, பூங்கா நகரில் உள்ள கந்தகோட்டம் முருகன் கோயிலுக்குப் போய்விடுவான். அங்கே முருகனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தானாகவே பாட்டுக் கட்டிப் பாடுவான்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. இவனுக்குச் சோறு போடாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். ஆனால் அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் பின்வாசல் வழியாக இராமலிங்கத்தை வரச்சொல்லிச் சோறு போடுவார்.

ஒரு நாள் வீட்டில் விசேஷம். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்தத் தம்பி மட்டும் எல்லோரும் போன பிறகு பின்பக்கமாக வந்து சாப்பிட்டான். சோறு பரிமாறும்போதே அண்ணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒழுங்காகப் படித்தால் இப்படி ஒளிந்து சாப்பிட வேண்டாமே என்று வருந்தினார்.

அண்ணியின் கண்ணீர் இராமலிங்கத்தை உலுக்கிவிட்டது. இனி வீட்டிலேயே இருந்து படிக்கிறேன் என்று சொன்னான். மாடியில் தனக்கு ஓர் அறை கேட்டான். ஒரு நிலைக்கண்ணாடியும் ஒரு விளக்கும் கேட்டான். புத்தகத்தைத் திறந்தானா? இல்லை! சுவரில் கண்ணாடியை மாட்டி, அதன் முன்னால் விளக்கை ஏற்றி வைத்துத் தியானம் செய்தான். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் தனக்குக் காட்சி தந்ததாக அவரே பாடியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது ஒன்பது என்கிறார்கள்.

இந்தக் கண்ணாடியையும் விளக்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே! கடைசியில் மறுபடியும் வரும்.

பள்ளிக்குப் போகாத பிள்ளை பேசினார்!

ஒரு சமயம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. ஆனால் ஒரு செட்டியார் வீட்டில் பிரசங்கம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். தம்பியைக் கூப்பிட்டு, நீ போய் இரண்டு பாட்டு பாடிவிட்டு, அண்ணனால் வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார்.

இராமலிங்கம் போனார். பெரிய கூட்டம்! உரக்கப் பேசினாலே நடுங்குகிற பையன், அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்தார். திருஞானசம்பந்தரின் கதையைச் சொல்லத் தொடங்கினார். சொன்னார், சொன்னார், இரவு வெகு நேரம் வரை சொன்னார்! கூட்டம் அசையவில்லை. இனி நீங்களே வந்து சொல்ல வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்களாம்.

அண்ணனுக்கு நடந்தது தெரிந்தது. பாடம் படிக்காத பிள்ளை என்று தாம் விரட்டிய தம்பியின் அருமை அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

பயந்தவருக்குப் பேச எப்படித் துணிவு வந்தது? கூட்டத்தை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. தமக்கு மிகவும் பிடித்த கதையில் மூழ்கிவிட்டார். நம்மை நாமே மறக்கிற அளவுக்கு ஒன்றின் மேல் அன்பு வந்துவிட்டால், பயம் நிற்க இடம் ஏது?

தேரடியில் ஒரு சாமியார்

பன்னிரண்டு வயதில் இருந்து திருவொற்றியூர் நடை தொடங்கியது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இருபது ஆண்டுகளுக்கும் மேல்! திருவொற்றியூர் இறைவன் மீதும் வடிவுடை அம்மன் மீதும் அவர் பாடிய பாடல்கள் ஏராளம்.

இந்த ஊரைப் பற்றி இரண்டு கதைகள் சொல்வார்கள்.

தேரடித் தெருவில் ஒரு சாமியார் உட்கார்ந்திருப்பாராம். போகிற வருகிறவர்களைப் பார்த்து, இதோ மாடு போகிறது, இதோ நரி போகிறது என்று சொல்லுவாராம். மனிதர்களின் குணம் அவருக்கு மிருகங்களாகத் தெரிந்ததாம். கைகட்டி நடந்து வந்த இராமலிங்கத்தைப் பார்த்தாராம். இதோ ஓர் உத்தம மனிதர் போகிறார் என்றாராம்!

இன்னொரு நாள் கோயிலில் இருந்து வீடு திரும்ப வெகு நேரம் ஆகிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. தட்டினால் தூங்குகிறவர்கள் விழித்துவிடுவார்களே! பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். அண்ணி வந்து எழுப்பி இலையில் சோறு போட்டார். சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணி மறுபடியும் வந்து சாப்பிட எழுப்பினார். அப்படியானால் முதலில் வந்தது யார்? வடிவுடை அம்மனே அண்ணி உருவில் வந்தாள் என்று பக்தர்கள் நம்புகிறார்கள்.

நடந்ததோ, நம்பிக்கையோ, இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். பசி என்றால் என்ன என்று வள்ளலாருக்குச் சிறு வயதிலேயே தெரியும். பின்வாசலில் நின்று சாப்பிட்டவருக்குத் தெரியாதா, என்ன? அந்தப் பசியை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

அணையாத அடுப்பு

1858ஆம் ஆண்டு வள்ளலார் சென்னையை விட்டுக் கிளம்பினார். சிதம்பரம் போனார். பிறகு வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழி கிராமத்தில் ஓர் அன்பர் வீட்டில் தங்கினார்.

இப்போது அவர் மனதில் ஒரு தெளிவு பிறந்திருந்தது. கடவுள் ஒருவரே. அவர் ஒளி வடிவானவர். எல்லா உயிருக்குள்ளும் அந்த ஒளிதான் இருக்கிறது. அப்படியானால் எந்த உயிர் பசித்தாலும் அது நம்முடைய பசிதான். எந்த மனிதரும் பிறப்பால் தாழ்ந்தவர் இல்லை. இதுதான் அவருடைய நம்பிக்கை.

1865ஆம் ஆண்டு இதற்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பெயர், சமரச வேத சன்மார்க்க சங்கம். பின்னர் 1872இல் அதைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள்! எல்லோரையும் ஒன்றாக நினைக்கிற நல்ல வழி என்பதுதான் அதன் சாரம்.

அந்தக் காலத்தில் ஏழைகளுக்குச் சோறு போட்ட இடங்கள் பல உண்டு. ஆனால் பல இடங்களில் சாதி பார்த்துத்தான் பந்தி. இன்னாருக்கு உள்ளே, இன்னாருக்கு வெளியே, இன்னாருக்கு இல்லவே இல்லை! 1866ஆம் ஆண்டு ஒரிசாவிலும் கிழக்குக் கரையோரப் பகுதிகளிலும் கடும் பஞ்சம் வந்து, கூட்டம் கூட்டமாக மக்கள் இறந்த காலம் அது.

வள்ளலார் ஒரு முடிவு செய்தார். பசி என்று வருகிற யாருக்கும் சோறு. என்ன சாதி, என்ன மதம், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. வடலூரில் பார்வதிபுரம் கிராமத்து மக்கள் சுமார் 80 காணி நிலத்தைக் கொடுத்தார்கள். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி சத்திய தருமச்சாலை தொடங்கியது. அன்று வள்ளலார் தம் கையால் அடுப்பை மூட்டினார்.

அந்த அடுப்பு இன்று வரை அணையாமல் எரிகிறது என்கிறார்கள். இன்றும் நீங்கள் வடலூருக்குப் போனால் அங்கே சாப்பிடலாம். நீ யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுப்பை மூட்டுவது எளிது. தினமும் எரிய வைப்பது எவ்வளவு கடினம், யோசித்துப் பாருங்கள்! அரிசி வேண்டுமே! ஒரு நாள் அரிசி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. நாளைக்கு என்ன செய்வது என்று பொறுப்பாளர் கையைப் பிசைந்தார். வள்ளலார் தியானத்தில் அமர்ந்தார். நாளை வரும் என்றார். மறுநாள் வெளியூரில் இருந்து வண்டிகளில் அரிசி வந்து இறங்கியது என்று அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்வார்கள்.

நாலா பக்கமும் எதிர்ப்பு

அதே 1867ஆம் ஆண்டில்தான் வள்ளலாரின் பாடல்கள் முதன்முதலாகப் புத்தகமாக வந்தன. அவருக்கு அதில் விருப்பமே இல்லை. அன்பரான இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்களை அச்சிட அனுமதி கிடைக்கும் வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒருவர் தம்மால் பசித்திருப்பதை வள்ளலார் தாங்குவாரா? சம்மதித்துவிட்டார். ஆனால் தம் பெயரோடு 'சாமி' என்று போடக் கூடாது, அது வீண் ஆரவாரம் என்று கடிதம் எழுதினார்.

மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் தொகுத்துத் 'திருவருட்பா' என்று பெயர் வைத்தார். அருளால் வந்த பாட்டு என்று பொருள். மக்கள் கோயில்களில் அதைப் பாடத் தொடங்கினார்கள்.

அங்கேதான் பிரச்சினை வெடித்தது!

தேவாரம், திருவாசகம் போன்ற பழைய பாடல்கள்தாம் அருட்பா. நேற்று வந்த ஒருவர் எழுதியதை அருட்பா என்று சொல்லலாமா, கோயிலில் பாடலாமா என்று சைவ அறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். இது அருட்பா இல்லை, மருட்பா என்றார்கள். மருள் என்றால் மயக்கம். துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. கேலியும் ஏச்சும் அச்சில் வந்தன.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள்! தமிழுக்கும் சைவத்துக்கும் பெரிய தொண்டு செய்தவர் அவர். யாழ்ப்பாணத்திலும் சிதம்பரத்திலும் பள்ளிக்கூடம் வைத்தார். பழைய தமிழ் நூல்களைப் பிழையில்லாமல் அச்சிட்டார். பழைய பாடல்களின் மரியாதை குறைந்துவிடுமோ என்பது அவருடைய கவலை. இரண்டு நல்லவர்கள் எதிரெதிராக நிற்பதும் உலகத்தில் உண்டு, குழந்தைகளே!

1869ஆம் ஆண்டு சண்டை உச்சத்துக்குப் போனது. சிதம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் வழக்குத் தொடுத்தார். கோயில் தீட்சிதர்கள் சிலரோடு வள்ளலார் பெயரும் வழக்கில் இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் விசாரணை.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கதவைத் தட்டும் சத்தத்துக்கே நடுங்கியவர். அவர் இப்போது நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்! வேடிக்கை பார்க்கக் கூட்டம். எதிரே பெரிய பண்டிதர். என்ன தீர்ப்பு வருமோ தெரியாது.

வள்ளலார் போனார். எப்போதும் போல அதே வெள்ளைத் துணி, அதே அடக்கம். அவர் உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த எல்லோரும் மரியாதையோடு எழுந்தார்கள், நாவலரும் எழுந்து நின்றார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வழக்கில் வள்ளலாருக்குத் தண்டனை எதுவும் இல்லை.

வழக்கு முடிந்தது. வாய்ச்சண்டை முடியவில்லை. வள்ளலாரும் நாவலரும் மறைந்த பிறகும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் கிளம்பியது. அப்போது மறைமலை அடிகள் அருட்பாவின் பக்கம் நின்றார். செய்குத்தம்பிப் பாவலர் என்ற முஸ்லிம் புலவரும் அருட்பாவுக்காகப் பேசினார்! எல்லா மதமும் ஒன்று என்றவருக்குச் சரியான வழக்கறிஞர் அல்லவா?

இத்தனை நடந்தபோதும் வள்ளலார் என்ன செய்தார்? எதிர்ப்புப் பிரசுரங்களுக்கு அவருடைய மாணவர்கள் பதில் எழுதினார்கள். அவரோ தருமச்சாலையில் சோறு வேகிறதா என்று பார்த்தார். படிக்காத எளிய மக்களும், வயதானவர்களும் கேட்கும்படி திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்தார். சாதியும் மதச் சண்டையும் பொய் என்று இன்னும் உரக்கப் பாடினார். கணவனை இழந்த பெண்ணின் தாலியை வாங்கும் வழக்கம் வேண்டாம் என்றார். ஏற்கெனவே எதிர்ப்பு இருந்த நேரத்தில் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

பிள்ளையின் பெரிய விண்ணப்பம்

சரி, இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது?

'பிள்ளைப் பெரு விண்ணப்பம்' என்று ஒரு நீண்ட பாடலை வள்ளலார் எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் கொடுக்கும் பெரிய மனு என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்கைக்குப் பயந்தது, ஆந்தைக்குப் பயந்தது, கதவுச் சத்தத்துக்குக் கலங்கியது, கைகட்டி நடந்தது எல்லாம் அந்தப் பாடலில்தான் இருக்கின்றன.

ஆயிரக்கணக்கான மக்கள் கும்பிடும் பெரியவர், நான் காக்கைக்குப் பயந்தேன் என்று எழுதுவாரா? வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். வள்ளலார் மறைக்கவில்லை. கடவுளை அப்பா என்று நம்பினார். அப்பாவிடம் எதை மறைப்பது? ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். பயத்தைச் சொல்லிவிட்டதால் அது பாதி குறைந்தது.

மீதிப் பாதி எப்படிப் போனது? அந்தப் பாடலிலேயே விடை இருக்கிறது. தமக்கு வரும் துன்பத்தை விட, பிறர் அழுவதும் பசிப்பதும்தான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது! தெருவில் யாரோ அம்மா, அப்பா என்று அலறினால் அவர் உள்ளம் கலங்கிவிடும். அடுத்தவர் கண்ணீர் என்ற பெரிய பயத்தின் முன்னால், என்னை ஏசுவார்களே, வழக்குப் போடுவார்களே என்ற சின்னப் பயங்கள் நிற்க முடியவில்லை.

கண்ணாடியும் விளக்கும்

ஞாபகம் இருக்கிறதா, ஏழுகிணறு வீட்டு மாடியறை? சுவரில் கண்ணாடி, முன்னால் விளக்கு!

1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி, தைப்பூச நாளில், வடலூரில் சத்திய ஞான சபை தொடங்கியது. உள்ளே சிலை கிடையாது. இருப்பது ஒரு விளக்கும் ஒரு கண்ணாடியும்தான். அவற்றை ஏழு நிறத் திரைகள் மறைத்திருக்கும். தைப்பூசத்தன்று திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி தரிசனம் காட்டுவார்கள். நம் அறியாமைத் திரைகள் விலகினால் உள்ளே இருக்கும் ஒளி தெரியும் என்பது அதன் பொருள். ஒன்பது வயதில் தொடங்கிய தேடல், 48 வயதில் ஒரு சபையாக எழுந்து நின்றது!

ஆனால் எல்லோரும் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டார்களா? இல்லை. சோறு சாப்பிட வந்தார்கள். கும்பிட வந்தார்கள். சாதியை விட்டுவிட்டு வந்தவர்கள் குறைவு. அந்த வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

1873ஆம் ஆண்டு அக்டோபரில், வடலூருக்கு அருகே மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி நீண்ட உரை ஆற்றினார். தம் அறையில் இருந்த விளக்கை எடுத்து வெளியே வைத்து, இந்த ஒளியை வழிபடுங்கள் என்றார். 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஒளியோடு ஒளியாகக் கலந்துவிட்டார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது 50.

அவரை எதிர்த்து வந்த பிரசுரங்களை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. அருட்பாவைப் பாடுகிறார்கள். அவர் பிறந்த அக்டோபர் 5ஆம் தேதியைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடுவது என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வடலூர் அடுப்பில் இன்றும் சோறு வேகிறது!

குழந்தைகளே! அடுத்த முறை உங்களுக்குப் பயமாக இருந்தால், எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். அம்மாவிடமோ, அப்பாவிடமோ, ஆசிரியரிடமோ, நீங்கள் கும்பிடுகிற சாமியிடமோ மனம் விட்டுச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வகுப்பில் சுற்றிப் பாருங்கள். டிபன் பாக்ஸ் கொண்டு வராத நண்பன் ஒருவன் இருப்பான். எல்லோரும் ஒதுக்கி வைத்த தோழி ஒருத்தி இருப்பாள். மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று தயங்காமல், அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அப்படியே ஒரு நாள் திருவொற்றியூர் தேரடிக்கும் போய் வாருங்கள். அந்தத் தெருவில் நடக்கும்போது, கைகட்டித் தலை குனிந்து நடந்து போன ஒரு சிறுவனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!